கோமதிக்குப் போட்ட ஊசி

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பள்ளிபாளையம் பேருந்தில் இடமில்லை. ஈரக் குடைகளுக்கு நடுவே நின்றபடியே மையத்துக்கு.

இன்று போன் நாள். டெங்கு தடுப்பூசிப் பரிசோதனையில் சேர்ந்தவர்களிடம் வாராவாரம் ஒரே கேள்வி: காய்ச்சல் உண்டா? உண்டென்றால் அன்றே வரவழைத்து ரத்தம் எடுக்க வேண்டும்.

– பிரிண்டருக்கு மை சொல்ல வேண்டும்
– குளிர்பெட்டி சரி
– போன் எடுக்காதவர்கள் நாலு பேர்

கோமதி முதல் மணியிலேயே எடுத்தாள். விசைத்தறிக் கூடத்துச் சத்தம், பாதி கேட்கவில்லை. காய்ச்சல் ஏதாவது இருக்குதுங்களா என்றேன்.

"அதெல்லாம் இல்லீங்க சிஸ்டர். ஒடம்பு அலுப்புத்தானுங்க. தீவாளிக்கு முந்தி தறியில ஏத்துன இந்தப் பாவு நூல ஓட்டி முடிக்கோணும்."

'இல்லை' கட்டத்தில் டிக். அடுத்த நம்பர்.

மதியம் தக்காளி சாதம். உப்பு போட மறந்திருக்கிறேன்.

அக். 16, வியாழன்

வெயில். மூன்று மணிக்குக் கோமதியின் கணவர் தங்கராசு போன். தறியடியில் மயங்கி விழுந்துவிட்டாளாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். சனிக்கிழமையிலிருந்தே காய்ச்சல். நேற்று விட்டுவிட்டதாம், அதனால் இன்று வேலைக்கு.

காய்ச்சல் விடுகிற நேரம்தான் டெங்குவில் கெட்ட நேரம். எத்தனை கூட்டத்தில் இதைச் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் முடிவு வந்தது: டெங்குவேதான். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. தீவிர சிகிச்சை.

செவ்வாய்க்கிழமைத் தாளை எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு அழகாக டிக் போட்டிருக்கிறேன்.

அக். 17, வெள்ளி

மருத்துவமனை. கண்ணாடி வழியே பார்த்தேன். முகம் உப்பி, அடையாளம் தெரியவில்லை. இரண்டு கையிலும் ஊசி.

தங்கராசு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், அந்த மரியாதை வேறு. முதல் நாளே கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"டெங்குன்னு நாங்க எப்படீங்க நெனைப்போம்? ஊசி போட்டிருக்குதே. போன் வந்தப்பக்கூட, 'எனக்கு அது வராது, எதுக்கு வேலையக் கெடுத்துக்கிட்டுப் போயி ரத்தங் குடுக்கோணும்'னு நெனச்சு, இல்லைன்னு சொல்லிப்போட்டாளாமுங்க."

மறுபடி தரையில் உட்கார்ந்துகொண்டு, "நீங்கதானுங்க அவகிட்ட வராதுன்னு சொன்னீங்க."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

நான் 'வராது' என்று சொல்லவில்லை. சொன்னது வேறு. எழுதி வைக்கிறேன்.

மாசி மாதம். அன்றைக்குக் கடைசியாக வந்தவள் கோமதி. ஒப்புதல் படிவத்தை எழுத்துக் கூட்டி அவளே படித்தாள். எனக்கோ ஐந்தரை மணி பேருந்து. பாதியில் நிமிர்ந்து கேட்டாள்: "இதப் போட்டா டெங்கு வராதுங்களா சிஸ்டர்?"

சொல்லியிருக்க வேண்டியது: தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பரிசோதனை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சொன்னது: "அதுக்குத்தானுங்க போடறோம்."

சிரித்தாள். கையெழுத்துப் போட்டாள். பேருந்தைப் பிடித்துவிட்டேன்.

அக். 18, சனி

கோமதிக்கு நேர்ந்ததைப் பற்றிய விவர அறிக்கை நிரப்பும் வேலை என்னுடையது. வயது, காய்ச்சல் தொடங்கிய நாள், சேர்த்த நேரம். பதினொன்றாவது கேள்வி: முழு விவரமும் சொல்லி ஒப்புதல் பெறப்பட்டதா?

ஆம் என்று போட்டேன்.

வீட்டில் முறுக்கு சுட வேண்டும். மாவு இன்னும் அரைக்கவில்லை.

அக். 20, தீபாவளி

காலை எட்டு மணிக்குத் தங்கராசு போன். எடுக்கவே பயம்.

"கண்ணு முழிச்சுட்டாளுங்க சிஸ்டர். ஒரு இட்லி தின்னா."

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே என் கணவர், "எண்ணெ கண்ணுல பட்டுருச்சா?" ஆமாம் என்றேன். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் ஆமாம்.

பிழைத்துவிட்டாள். அந்த 'ஆம்' மட்டும் தாளில் அப்படியே.

அக். 22, புதன்

மழை. பரிசோதனையின் தலைமை டாக்டர் மேடம் சேலத்திலிருந்து வந்திருந்தார். கதவைத் தட்டி உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன், பேருந்து உட்பட எல்லாம். அறிக்கையில் எழுதியது பொய் என்றும்.

அறிக்கையை எடுத்துப் பதினொன்றாவது கேள்வியைப் பார்த்தார். பிறகு, "கோமதி ஒருத்திகிட்ட மட்டுந்தானா மல்லிகா? வேற யார்கிட்டயாவது இப்படிச் சொன்னீங்களா?"

"ஞாபகமில்ல மேடம்."

நிஜமாகவே ஞாபகமில்லை. அதுதான் மேடத்தின் முகத்தை மாற்றியது.

அறிக்கை திருத்தம். நான் சேர்த்த எல்லோருக்கும் படிவத்தை மறுபடி படித்துக் காட்ட வேண்டும். படிப்பது ரேவதி சிஸ்டர். ஒப்புதல் வாங்கும் வேலை இனி எனக்கில்லை. ரத்தம் எடுப்பது, குளிர்பெட்டி, அவ்வளவுதான்.

நவம்பர் 3, திங்கள்

மறுபடி படிக்கும் வேலை தொடங்கியது. நான் பக்கத்து அறையில் குழாய்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டு. தடுப்புச் சுவர் மெல்லியது, எல்லாமே கேட்கிறது.

"அப்ப எனக்குப் போட்டது வெறுந் தண்ணியாக்கூட இருக்குமுங்களா?"

"அந்த சிஸ்டர் இத்தனை சொல்லலீங்களே."

ஒரு பெரியவர், மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டுபவர்: "ஊசிதான் போட்டாச்சேன்னு கொசுவலைய மடிச்சுப் பரண்மேல போட்டுட்டமுங்க. எறக்கிக் கட்டிக்கோணுமுங்களா?"

கட்டுங்க, இன்னைக்கே கட்டுங்க என்று ரேவதி. இரண்டு லேபிள் கோணல், கிழித்துப் போட்டேன்.

மூன்று பேர் விலகிக்கொண்டார்கள்.

நவ. 10, திங்கள்

கோமதி வந்தாள். நோய்க்குப் பிந்தைய ரத்த மாதிரி கொடுக்க. வரமாட்டாள் என்று பட்டியலில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். முடி கொட்டியிருக்கிறது. படி ஏறியதற்கே மூச்சு வாங்கினாள். தங்கராசு வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

ரேவதி படிவம் படித்து முடித்த பிறகு என்னிடம் அனுப்பினாள். நரம்பு தேடும்போது சொன்னேன்: "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க கோமதி. தெரியாதுன்னுதான் சொல்லியிருக்கணும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அப்படிச் சொல்லிட்டேன்."

ரத்தம் குழாயில் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேனுங்க சிஸ்டர். எங்கக்கா புள்ள டெங்குலதானுங்க போச்சு, ஏழு வயசு. யாராச்சும் போட்டுப் பாத்தாத்தானுங்க தெரியும்னுதான் நான் வந்ததே."

அவள் எதற்காக வந்தாள் என்று நான் கேட்கவே இல்லை.

ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிங்க என்றேன். அவள் பிடிக்கும்வரை நானே பிடித்திருந்தேன்.