மல்லி நிற்கும் தரை

தீர்த்தமலை சாலை, அரூர்
6 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி குருவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நிர்மலாவும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். கடிதத்தைக் கோபத்தில் தூக்கிப் போட்டாலும் பிறகு எடுத்துப் படிக்கத்தான் வேண்டும்.

நேற்று உன் கிரானைட் லாரி வந்து சேர்ந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. நாங்கள் வீடு கட்டியபோது நீ படித்துக்கொண்டிருந்தாய். அக்கா வீட்டுக்கு ஒரு குடம்கூடச் சீர் வைக்க முடியவில்லையே என்று இன்று வரை உனக்கு மனக்குறை. அதைத் தீர்க்கத்தான் எங்கள் புதுக் குதிரை லாயத்துக்குத் தரையையே சீராக அனுப்பியிருக்கிறாய். அந்தக் கல்லில் முகம் பார்த்துத் தலை வாரலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அதை லாயத்தில் போடமாட்டேன், குரு. மல்லியின் காலில் இரும்பு லாடம். பளபளக்கும் கல்லில் அவள் ஒரு தடவை மூத்திரம் பெய்தால் நானே வழுக்கி விழுவேன், அவ்வளவு பெரிய குதிரை என்ன ஆகும்? கல்யாண ஊர்வலத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் சவாரிக்கும் அவள் கால்தான் எங்கள் பிழைப்பு. கல்லைச் சமையல் மேடைக்குப் போட்டுக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. மார்ச் 9 லாயம் திறக்கிறோம். முதல் ஆளாக நீ வந்து நிற்க வேண்டும்.

உன் அக்கா
கலைமதி


ஓசூர்
12 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை தூக்கிப் போட்டேன்.

நான் வேலை செய்யும் ஷோரூமுக்கு வருகிற கல்லிலேயே நல்லதாகப் பார்த்து, பக்கத்தில் நின்று பாலிஷ் போடவைத்தேன். மாமியார் வீடு முழுக்கச் சொல்லியாயிற்று. திறப்பு விழாவில் அவர்கள் கல் எங்கே என்று கேட்டால், அதன் மேல் அக்கா வெங்காயம் நறுக்குகிறாள் என்று சொல்வேனா? இங்கே பெரிய ஓட்டல்களில் எத்தனையோ பேர் அந்தக் கல்லின் மேல்தான் நடக்கிறார்கள். யாரும் விழவில்லை.

தம்பி செய்த சீரை ஓரமாக எடுத்து வைக்கும் வழக்கம் நம் பக்கம் எங்கே இருக்கிறது? எனக்குச் சோறு போட்டு ஐ.டி.ஐ. படிக்கவைத்தவள் நீ. வாங்கியே பழகியவன் முதல் முதலாகக் கொடுக்கிறேன், அதை நீ ஏற்கவில்லை. கல்லைப் போட்டால் வருகிறேன். போடாவிட்டால் நிர்மலா மட்டும் வருவாள்.

குரு


அரூர்
24 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். நீ வராமல் போய்விடுவாயோ என்ற பயத்தில், மல்லியின் அறையில் மட்டும் உன் கல்லைப் போடச் சொன்னேன். உன் மாமா தலையில் அடித்துக்கொண்டார். "சீருக்காகக் குதிரையைக் காவு குடுப்பியா? உன் தம்பியை வூட்டுல ஒக்கார வெச்சு விருந்து போடு, வேணாங்கல" என்றார். நான் கேட்கவில்லை.

மல்லி அதன் மேல் படுக்கவே இல்லை. குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பார்கள், அது பாதிதான். படுத்தால்தான் அதற்கு அசந்த தூக்கம். அந்தத் தரையை அவள் நம்பவில்லை. சனிக்கிழமை காலை தீவனத்துக்குத் திரும்பியவள், பின்னங்கால் இரண்டும் விரிந்து சரிந்துவிட்டாள். எழ முடியாமல் கல்லை உதைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடியில் சாக்கு போட்டு எழுப்பினோம். டாக்டரம்மா வந்து தடவிப் பார்த்து, "எலும்புக்கு ஒன்னுமில்லீங்க, வீக்கந்தான். இன்னொருக்கா விழுந்தா நான் வந்தும் பிரயோசனமில்லீங்க" என்றார். அன்றைக்கே கல்லைப் பெயர்த்துவிட்டோம்.

இனி இதில் யாரையும் கேட்கப்போவதில்லை. கிராவல் கொட்டி, மூத்திரம் பின்பக்கம் வடியும்படி லேசாகச் சாய்த்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அதன் மேல் கால் வழுக்காத தடிமனான ரப்பர் மேட். அதற்கும் மேல் தச்சுப் பட்டறையில் கழியும் மரச்சுருள். உன் ஓட்டலில் நடப்பவர்கள் அந்தக் கல்லிலேயே படுப்பதில்லை, குரு. அவர்களுக்கு மாடியில் மெத்தை இருக்கிறது.

திமிசு பிடிக்க ஆள் இல்லை. எல்லாரும் புளி உலுக்கப் போய்விட்டார்கள். உன் மாமாவுக்கு இடுப்பு வலி. உன் கல் வேண்டாம் என்றுதான் சொன்னேன், நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. திறப்பு விழாவுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். வருகிற சனி ஞாயிறு வந்து தரையை இடித்துக் கொடு.

அக்கா


ஓசூர்
4 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நிர்மலா என்னை உள்ளே விடவில்லை, குதிரை வாடை அடிக்கிறதாம். கொல்லைப்பக்கமே குளிக்க வைத்துவிட்டாள்.

கிளம்பும்போது உன்னிடம் சரியாகப் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்தது. மல்லியின் கால் வீக்கத்தைப் பார்த்ததுமே என் கோபம் போய்விட்டது. நான் கேட்டுக் கேட்டுப் போடவைத்த கல் அது. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் திமிசை என் கையில் கொடுத்தாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "மூலையில இன்னும் பொதபொதன்னு இருக்குது பாரு, நல்லா இடி" என்று அதற்குத்தான் திட்டினாய்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குப் போகும் முன் லாயத்தை எட்டிப் பார்த்தேன். மல்லி காலை நீட்டி, தலையை மரச்சுருளில் சாய்த்துக் கிடந்தாள். திரும்பவும் விழுந்துவிட்டாளோ என்று கத்தப் போனேன். பின்னாலிருந்து மாமா, "தூங்குறா மாப்ள, சத்தம் போடாத" என்றார். அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதில்தான் முதல் பஸ் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். மாமியார் வீட்டாரையும் கூட்டி வருகிறேன். அவர்களும் அந்தத் தரையில் நடந்து பார்க்கட்டும்.

உள்ளங்கை இரண்டும் கொப்புளம். இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். நேற்று மத்தியானம் ஷோரூமுக்குப் போனதும் முதலாளி, "என்னப்பா கையில?" என்று கேட்டார்.

"அக்காவுக்குச் சீர் செஞ்சேங்க" என்றேன்.

உன் தம்பி
குரு