கடைமடைக்கு முதல் புத்தகம்

லஸ்கரே,

இன்று காலை நம் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தது. வெடித்துக் கிடந்த வண்டல் முதல் ஈரத்தைக் குடிக்கும்போது ஒரு வாசனை கிளம்புமே, அது நூலக ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, உறுப்பினர் அட்டை கூட இல்லாமல் எல்லா அலமாரிகளையும் ஒரு சுற்றுச் சுற்றியது. நுரை, தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு என்ற வரிசையில் ஊர்வலமாக வந்த தண்ணீர் மதகைத் தொடுவதற்குள், இரண்டு பேர் மண்வெட்டியோடு "எங்க முறை" என்று நெஞ்சோடு நெஞ்சு மோதினார்கள். சண்டை முற்றியதும் பழைய பழக்கத்தில் இருவரும் நூலக வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே நீ இல்லை, நான் நின்றேன். என்னைக் கண்டதும் தங்களுக்குள்ளேயே சமாதானமாகி விட்டார்கள். என்னுடைய தீர்ப்பை வாங்குவதைவிட அது மேல் என்று தோன்றியிருக்கும்.

முப்பது வருடம் இந்த வாய்க்காலின் மதகுகளைத் திறந்தும் அடைத்தும் அரசாங்கச் சம்பளம் வாங்கிய லஸ்கர் நீ. உனக்குப் பெற்றோர் வைத்த பெயர் உன் ஓய்வூதியப் புத்தகத்துக்கும் உன் மனைவிக்கும் மட்டுமே தெரியும். ஓய்வு பெற்ற மறுநாளே ஊராட்சி அலுவலகத்தில் போய் நின்றாய். வீட்டுக்கு வீடு டிவி வந்த பிறகு ஆள் நுழையாமல் கிடந்த ஊராட்சி டிவி அறையை நூலகம் வைக்கக் கேட்டாய்.

"அதுல ஆடுல்ல கெடக்கு" என்றார் தலைவர்.

"ஆட்டுக்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாய்.

ஆடுகள் உன் சொல்லைக் கேட்டு வெளியேறின. இதை நான் கண்ணால் பார்த்தேன். நான் சொல்வதில் இது ஒன்றுதான் கலப்படமில்லாதது என்று வைத்துக்கொள்.

ஏலத்தில் எடுத்த பழைய மதகுப் பலகைகள் அலமாரி ஆயின. கூத்தாநல்லூரில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களைக் கொடுத்தது. அவற்றை நாம் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தோம். நான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கும் கணக்குப்படி அது பதினெட்டு யானைப் பாரம், வழியில் மூன்று பாலங்கள் வளைந்தன. அன்றைக்கே இந்த நூலகத்தின் நிரந்தரத் தலைவர், பொதுச் செயலாளர், கொள்கை பரப்புச் செயலாளர் ஆகிய பதவிகளுக்கு என்னை நானே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துக் கொண்டேன். நீ ஆட்சேபிக்கவில்லை. கூட்டுகிற துடைப்பத்தை மட்டும் உன் கையிலேயே வைத்துக்கொண்டாய்.

ஆனால் உன் சட்டம் இருக்கிறதே! வாய்க்காலில் தலைமடை வயல் முதலில் குடிக்கும், கடைமடை வானத்தைப் பார்க்கும். அந்தக் கடைமடைக்காரர்களிடம் முப்பது வருடம் திட்டு வாங்கியவன் நீ. அந்தப் பாவத்தையெல்லாம் நூலகத்தில் வந்து தீர்த்தாய். புதிதாக எந்தப் புத்தகம் வந்தாலும் நூலகத்துக்கு மிகத் தொலைவில் இருப்பவருக்கு முதல் முறை, பத்து நாள். அவருக்கு அடுத்தவர் பிறகு. அப்படியே படிப்படியாகக் கிட்டே வரும். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் நம் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்தால், அன்றைய செய்தித்தாள் கூட முதலில் அவர்களுக்குத்தான். "அவங்கதானே ரொம்ப தூரத்துலேருந்து வர்றாங்க" என்பாய்.

இந்தச் சட்டத்தால் எதிர்வீட்டுக்காரனான நான், மூன்று பதவிகள் வகிப்பவன், வரிசையில் கடைசிக்கு முந்தியவன் ஆனேன். கடைசி ஆள் நீ. உன் வீட்டுச் சுவரும் நூலகச் சுவரும் ஒன்றுதானே.

கப்பல் வியாபாரி ஒருவனைப் பற்றிய அந்த மூன்று பாகக் கதையின் முதல் இரண்டு பாகங்கள் மட்டும் நம்மிடம் இருந்தன. இரண்டாம் பாகம் நடுக்கடலில், பாய்மரம் முறிந்த கையோடு முடிந்துவிடும். ஊரே அந்தக் கப்பலில் ஏறி, வருடக்கணக்காகப் புயலில் தத்தளித்தது. மூன்றாம் பாகம் வெளிவந்து ஒரு பிரதி நம் கைக்குக் கிடைத்தபோது நீ பதிவேட்டில் பதினொரு பெயர் எழுதி, பதினொன்றாவதாக உன் பெயரைப் போட்டாய். அது ஐந்தாவது ஆளிடம் இருந்தபோது நீ படுத்தாய். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்கே கூட்டிப்போய் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நான் நேராகக் கடலோரக் குப்பத்துக்குப் போனேன். மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டி ஊர் ஊராக மீன் விற்கும் பாக்கியத்தின் கையில் புத்தகம் இருந்தது.

"பாக்கியம், அத குடும்மா. லஸ்கரு படிச்சிரட்டும்."

"குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? அவரு வாங்க மாட்டாரே சித்தப்பா! முறை தப்பி வந்த புஸ்தகம்னு என் மூஞ்சிலயே அடிப்பாரு."

"அப்ப என்னதான் பண்றது?"

"ரெண்டு நாள் குடுங்க, முடிச்சு அடுத்தவங்களுக்குத் தள்ளிடுறேன். மீன் இன்னிக்கி என் தங்கச்சி விக்கட்டும்."

லஸ்கரே, அடுத்த இரண்டு வாரத்தில் இந்த ஊர் படித்ததைப் போல உலகில் எந்த ஊரும் படித்ததில்லை. டிராக்டர் ரவி ஸ்டியரிங்கின் மேல் புத்தகத்தை விரித்துப் படித்து, வரப்பையும் ஒரு தென்னங்கன்றையும் உழுது தள்ளினான். ஒரு வீட்டில் மூன்று நாள் ரசம் மட்டும். முடித்தவர்கள் உன் கட்டிலருகே வந்து நிற்பார்கள். நீ விடமாட்டாய். "மொத அத்தியாயத்துல தண்ணிப் பீப்பா என்ன ஆச்சு, சொல்லு?" முடிவு முன்னாலேயே தெரிந்து கதை உனக்கு உடைந்துவிடக் கூடாது, அவர்கள் ஏமாற்றிவிடவும் கூடாது. முதல் இரண்டு அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்வாய்.

அப்படி ஓடோடி வந்து புத்தகம் என் கையில் விழுந்தது, ஒரு காலை வேளையில். மாலையே உன் முன் நின்றேன்.

"முடிச்சாச்சு லஸ்கரே. ஒரே மூச்சு."

நீ என்னைக் கேள்வி கேட்கவில்லை. எனக்குத் தங்கச்சி முறையான உன் மனைவியை டீ போட அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாய்.

"மாப்ளே, பாக்கியம் குடுத்தா மீன் செதில் இருக்கும். ரவி குடுத்தா கிரீஸு. நீ திருப்பிக் குடுக்குறது மட்டும் கடையிலேருந்து வந்த மாதிரியே இருக்கும். இத்தன வருசமா."

"அவ்ளோ பத்திரமா படிப்பேன்."

"போடா."

நூலகத்தின் நிரந்தரத் தலைவர், முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு நடுவில் இருப்பதைச் சொந்தமாக விளைவித்துக் கதை சொன்னவன், ஒரு புத்தகத்தைக் கூட முழுதாகப் படித்ததில்லை என்பது உனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஊர் நடுவே நான் அளந்தபோதெல்லாம் துடைப்பத்தைப் பிடித்தபடி தலையாட்டியிருக்கிறாய். ஒரு நாள், ஒருவரிடம் கூட, என்னைக் காட்டிக் கொடுத்ததில்லை.

"சரி, எடுத்துட்டுப் போயிப் படிச்சுட்டு வர்றேன்" என்றேன்.

"எதுக்கு? ஒரே மடையில ரெண்டு வயலு பாயறதில்லையா? ஒன் முறையும் என் முறையும் சேந்தே ஓடட்டும். வாய் விட்டுப் படி."

புத்தகத்தை உன்னால் பிடிக்கவும் முடியவில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தினமும் காலையில் வந்து படித்தேன். எழுத்துக் கூட்டாத குறைதான். பெரிய வாக்கியங்களில் சேற்றில் மாட்டிய வண்டிபோல நின்றுவிடுவேன். நீ கண்ணை மூடியபடி "மெதுவா வா" என்பாய். சலிப்பான இடத்தில் ஒரு திமிங்கலத்தைச் சேர்த்துவிட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாய், "அந்தத் திமிங்கலத்தத் திருப்பி அனுப்பு." அனுப்பினேன். எட்டாம் நாள் உனக்கு நிமிடத்துக்கு ஒருமுறை கண் செருகியது. ஒரு அத்தியாயம்தான் பாக்கி.

"மாப்ளே, மிச்சத்த நீ வீட்டுல படிச்சுட்டு வந்து சொல்லு. கூட்டாம கொறைக்காம சொல்லணும்."

மத்தியானம் முழுவதும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். யாரும் பார்க்காத இடத்தில், ஒரு வரி தாண்டாமல். சாயங்காலம் உன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கப்பல் திரும்பவில்லை. அவன் மட்டும் யாருடைய கப்பலிலோ கூலியாக ஏறி ஊர் வந்து சேர்ந்தான். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தம்பி மகள் ஒருத்தி மட்டும் நடையைப் பார்த்துக் கண்டுபிடித்து, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் லஸ்கரே. சத்தியமா."

"நல்லாருக்கு" என்றாய். பிறகு, "சரி, இப்ப ஒன் பங்குக்குச் சொல்லு."

சொன்னேன். அந்தக் கப்பல் மூழ்கவே இல்லை, ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றுக்குள் திரும்பி, நம் வாய்க்கால் வழியாக ஏழு பாய்களை விரித்துக்கொண்டு வருகிறது, கரையில் ஊரே நிற்கிறது, ஒவ்வொரு மதகாக நீ திறந்துவிடுகிறாய்.

"நம்ம மதகு அகலம் பத்தாதேடா" என்றாய், நிஜமான கவலையோடு.

"நீ நிக்கும்போது பத்தும்."

சிரித்தாய். இருமல் வந்தும் சிரித்தாய். தங்கச்சி ஓடிவந்து என்னைத் திட்டினாள். மூன்றாம் நாள் விடியலில் நீ போய்விட்டாய்.

இப்போது சாவியும் பதிவேடும் துடைப்பமும் என்னிடம். தூரத்து ஆளுக்குத்தான் இன்றும் முதல் முறை. உன் பெயர் இல்லாத வரிசையில் நானே கடைசி. என் முறை வரும்போது முழுதாகப் படிக்கிறேன், இதுவரை ஏழு முடித்திருக்கிறேன். ஏழுதான், எழுபது இல்லை. கதை கேட்க இன்னும் ஆட்கள் வாசலில் கூடுகிறார்கள். பாதியில் பாக்கியம் கையை நீட்டி மறிப்பாள்.

"சித்தப்பா, இது புஸ்தகத்துல உள்ளதா, ஒங்க சரக்கா?"

நான் நிறுத்தி, யோசித்து, சொல்லிவிடுகிறேன்: "அந்த எடம் வரைக்கும் புஸ்தகம். அதுக்கு மேல நான்."