லைசன்ஸ் இல்லாத போதை

8-8-1971, ஆரம்பாக்கம்

ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்தி முடித்தேன். சர்க்கார் மதுவிலக்கை ஒத்திவைத்துச் சாராயக்கடைகளைத் திறக்கப் போகிறதாம். கூடத்தில் என் கணவர் ராஜமாணிக்கம், "குடியும் கஞ்சாவும் குடும்பத்தையே அழிச்சிடும்யா" என்று முழங்கிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் எங்கள் வயலில் வேலை செய்கிறவர்கள். தலையாட்டாமல் என்ன செய்வார்கள்?

19-9-1971

சாராயக்கடையை ஏலம் எடுத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு மல்லிகைப்பூ வேறு!

"போன மாசம் குடும்பம் அழியும்னீங்களே?"

"அப்ப சட்டம் வேற. இப்ப சர்க்காரே தொறக்க சொல்லுது, சுந்தரி."

"அப்படின்னா கஞ்சா?"

"சீச்சீ, அது குத்தம். அதுக்கு இன்னா லைசன்ஸா குடுக்கறாங்க?"

இந்த மனுஷருக்கு ஒழுக்கம் ஆபீஸிலிருந்து வருகிறது. முத்திரை குத்தி.

20-9-1971

பூவை மாட்டுக்குப் போட்டேன். அதுவும் தின்னவில்லை.

3-2-1972

முனுசாமியைப் போலீஸ் பிடித்துவிட்டது. ஏரியில் மீன் பிடிக்கிறவன். எங்களுக்கு மீன் கொண்டுவரும் கங்கம்மாவின் புருஷன். மடியில் கொஞ்சம் கஞ்சா இருந்ததாம். அது இருக்கட்டும். ரயில் ஸ்டேஷன் பக்கம் கூலிக்காரர்களுக்கு அவன் விற்றதைக் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொல்லியிருப்பவர் இவர்! எப்போது பார்த்தார்? விற்றதாகச் சொல்லும் அன்று முழுக்கக் காய்ச்சலில் கட்டிலோடு கிடந்தவர். கஞ்சி ஆற்றிக் கொடுத்தவள் நான்.

கேட்டேன். "கஞ்சா இழுக்கறவன் நம்ம கடைக்கு வருவானா? பேஜாரு பண்ணாத" என்றார்.

4-2-1972

கங்கம்மா வெறுங்கூடையோடு வந்தாள்.

"கால்வலிக்கு இழுக்கறான் டீச்சரம்மா. விக்கல்லாம் மாட்டான். விக்கிற தெறம இருந்தா நான் இன்னாத்துக்குக் கூடை தூக்கிகினு அலையறேன்?"

கஞ்சா நல்லது என்று நான் சொல்லமாட்டேன். அந்த நாற்றம், சிவந்த கண், காரணமில்லாத இளிப்பு — பார்த்தாலே எரிச்சல். ஆனால் எங்கள் கடையில் குடித்துவிட்டு ரோட்டில் வேட்டி விலகிக் கிடக்கிறவன் எதில் உசத்தி? இதற்கு ஜெயில், அதற்கு ஏலம். தடுத்தால் இரண்டையும் தடுக்கட்டும். விட்டால் இரண்டையும் விட்டுத் தொலைக்கட்டும். நடுவில் என்ன நியாயம்? த்தூ.

22-6-1972

பொன்னேரி கோர்ட்டில் முனுசாமி பக்கச் சாட்சியாகக் கூண்டேறினேன். "அன்றைக்கு இவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. காய்ச்சல்." அவ்வளவுதான் சொன்னேன். இவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விற்ற குற்றம் நிற்கவில்லை. வைத்திருந்ததற்கு மட்டும் அபராதம்.

வெளியே முனுசாமி, "நீ தெய்வம், டீச்சரம்மா" என்று காலைத் தொட வந்தான். அப்போதும் புகை நாற்றம்! "தள்ளி நில்லு" என்றேன்.

வீட்டில் இவர், "புருசன காட்டிக்குடுத்துட்டு எந்த மூஞ்சோட உள்ள வர?"

அதே மூஞ்சியோடுதான் போனேன். பெட்டியை எடுக்க.

10-12-1972, மணவாள நகர்

இங்கே மாற்றல் கிடைத்து வந்ததிலிருந்து ஒற்றை அறை. போதும்.

இன்று இவர் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"கடை நல்லா ஓடுது. ஊர்ல கேக்கறாங்க, சுந்தரி. வந்துடேன்."

ஊர் என்ன கேட்கிறது என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தானாகவே எழுந்தார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது — சாப்பிட்டீர்களா என்று கேட்கவே தோன்றவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.