இடப்பக்கம் கிழிந்த சட்டை

டொரொன்டோ, மார்கழி 1986

ஒருநாளும் பெயர் சொல்லாமல் ‘பிள்ளை’ என்றே என்னைக் கூப்பிட்ட அப்பாவுக்கு,

நீங்கள் போய்விட்டீர்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குச் சொன்னார்கள். அன்று உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை. ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் தொடங்கவேயில்லை.

அண்ணை ஒரு மாதமாகத் தாடி வளர்த்தார். மல்வேர்னில் நாங்கள் இருக்கும் வீட்டில் மீனும் இறைச்சியும் நின்றுபோயின. கேட்டால், டொக்டர் சொன்னவர் என்றார் அண்ணி. “என்ன அண்ணை, சாமியாராப் போப்போறியளோ?” என்று தாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தேன், அப்பா. அவரும் சிரித்தார். எப்படித்தான் சிரித்தாரோ!

ஞாயிறு காலை முகம் வழித்துக்கொண்டு வந்து முன்னால் நின்றார். “உன்ரை நாடகம் முடியட்டும் எண்டுதான் பொறுத்தனாங்கள். படிப்புக் குழம்பிப்போகுமெண்டு பயம். அப்பாவும் உப்பிடித்தான் செய்யச் சொல்லியிருப்பார்.”

சொல்லியிருப்பீர்களா? என் குடிவரவுப் பேப்பர்கள் இன்னும் சரிவராததால் எப்படியும் ஊருக்கு வந்திருக்க முடியாது. ஆனால் அழுதிருக்கலாமே.

என் படிப்பே உங்களுக்குப் பிடிபடவில்லை. “நாடகம் மேடையேத்தவும் யூதரின்ரை பாசையள் படிக்கவுமோ கனடாவுக்குப் போனனீ?” என்று ரெலிபோனில் கேட்டீர்கள். பிறகு சொல்கிறேன் என்றேன். இப்போது கேளுங்கள். வகுப்பில் யிடிஷ் படிக்கிறோம். ஊர்விட்டு ஊர் துரத்தப்பட்ட சனம் அடுப்படியிலும் சந்தையிலும் வைத்துக் காப்பாற்றிய மொழி அது. எங்களுக்கு நடக்கப்போவதை யாரோ முன்கூட்டியே சொல்வதுபோல, கேட்கக் கேட்கப் பயமாக இருக்கும். அதனால்தான் விடமுடியவில்லை.

இந்த முறை எங்கள் வகுப்பு ஒரு யிடிஷ் நாடகம் போட்டது. உடுப்புகளுக்கு நான் பொறுப்பு. தகப்பன் செத்த செய்தி கேட்டதும் மகன் தன் சட்டையை இடது மார்பில் கிழிப்பான். அது அவர்கள் வழக்கம். ஒவ்வோர் ஒத்திகையிலும் கிழிப்பான். அடுத்த முறையும் கிழியவேண்டுமே என்று லேசாக நூலோட்டி மூடிவைப்பேன். கூடப் படிக்கும் யூதப் பெண் ரேச்சல் ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: மற்ற உறவுகளுக்கென்றால் ஒரு மாதம் கழித்துத் தைத்துவிடலாமாம், தாய் தகப்பனுக்காகக் கிழித்ததை மட்டும் ஒருநாளும் முழுதாகத் தைக்கக்கூடாதாம். இது வெறும் நாடகம்தானே என்று நான் ஊசியில் நூல் கோத்தேன்.

அந்த நாட்களில்தான் அப்பா, ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் வீட்டிலேயே உங்கள் மூச்சு நின்றிருக்கிறது. நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தைத்திருக்கிறேன்.

ஞாயிறிலிருந்து அண்ணையோடு பேசவில்லை. நேற்று ஒஷாவாவில் வேலை முடிந்து வந்தவர், என் மடியில் அந்தச் சட்டையைக் கண்டார்.

“உதென்ன கிழிஞ்ச சேட்டு? அண்ணியிட்டைக் குடன், தைச்சுத் தருவா.”

“இதைத் தைக்கக்கூடாது” என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் இருந்தார். கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சத்தம் போட்டு அழேல்லை, பிள்ளை. நீ பக்கத்து அறையிலை இருந்தனீ” என்றார்.

அவர் வாயில் ‘பிள்ளை’ என்று வந்தது நேற்றுத்தான். இரண்டு பேரும் அழுதோம். அண்ணி வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். என்னிடம் மறைத்ததற்கும் கோபம்தான். தனியாகச் சுமந்தாரே, அதற்கும் கோபம்தான்.

சட்டையைத் தைத்துக் கழுவித் திருப்பித் தரச் சொல்லி நாடக உடுப்பறையில் கேட்கிறார்கள். வேறொன்று வாங்கிக் கொடுத்துவிடுவேன். இனி அண்ணையைத் தனியாக அழ விடமாட்டேன். படிப்பையும் விடமாட்டேன். இந்தச் சட்டையைத் தைக்கவும் மாட்டேன், அப்பா.

எல்லாரும் அழுது முடித்தபின் அழத் தொடங்கியிருக்கும்,
உங்கள் பிள்ளை