ஊதாமல் இருக்கக் கட்டிய பணம்

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ செய்தது தப்பு. நலம் விசாரிப்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாமல் எனக்கு ஹார்ன் வாத்தியம் சொல்லித்தருகிற டீச்சருக்கு எழுதி, "அம்மாவுக்கு ஞாபகம் முன்போல் இல்லை, பணத்தில் தடுமாறுகிறார், இனிமேல் பாடம் எடுக்க வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறாய். அந்தப் பெண்ணுக்கு நஷ்டம் வரக் கூடாது என்று மூன்று மாத ஃபீஸையும் அனுப்பி வைத்திருக்கிறாய். நான் கற்றுக்கொள்ள நீ ஒரு காசு கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை, அது வேறு விஷயம். ஆனால் நான் கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்குப் பணம் கட்டியிருக்கிறாய். இப்படி ஒரு பிள்ளையை நான் கேள்விப்பட்டதே இல்லை.

போனில் சொல்லியிருக்கலாம்தான். போன் என்றால் நீ நடுவில் புகுந்து, "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளும்மா" என்பாய். அப்புறம் நீ சொல்வதை நான் கேட்டு முடிப்பதற்குள் உனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடும். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. விடிகிறபோது விடியட்டும், ஊதுகிற சங்கை ஊதி வைக்கிறேன்.

நாங்கள் நலம். அப்பாவுக்குப் புதுக் காது மெஷின் நன்றாகக் கேட்கிறது. ரொம்ப நன்றாகக் கேட்கிறது என்பதுதான் அவருடைய புகார். நான் ஹார்னைக் கையில் எடுத்தால் மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "அருமையா இருக்கு, ஊது" என்கிறார். கீழ்வீட்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை. பாவம், மாடிப்படியில் பார்க்கிறபோதெல்லாம், "இன்னிக்கு லீவாம்மா?" என்று ஆசையோடு கேட்கிறார்.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று நீ மருமகளிடம் கேட்டாயாம். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் வேலை பார்த்த டெலிபோன் எக்சேஞ்சுக்கும் பேண்டுக்காரர்கள் ஒத்திகை பார்க்கிற ஹாலுக்கும் நடுவில் ஒரே சுவர். மற்ற வாத்தியமெல்லாம் அந்தச் சுவர் வழியாக வெறும் இரைச்சலாக வரும். ஹார்ன் மட்டும் பக்கத்து அறையில் ஓர் ஆள் நிதானமாகப் பேசுகிற மாதிரி வரும். காதில் ஊரார் பேச்சு, முதுகுக்குப் பின்னால் அந்த ஒரு பேச்சு. என்ன சொல்கிறது என்று திரும்பிக் கேட்க அப்போது நேரம் இல்லை. உங்கள் இரண்டு பேரையும் கரையேற்றியாக வேண்டியிருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு யாரும் எதையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். டைப்பிங், தையல், ஃப்யூஸ் போடுவது, கார் ஓட்டுவது எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். பள்ளிக்கூடத்தில் பழைய வாத்தியங்களை ஏலம் போட்டபோது பித்தளைக் குழாயைச் சுருட்டிச் செய்த இந்த ஹார்னை வாங்கி, அதே மாதிரி நானே ஊதிப் பழகினேன். டீச்சரிடம் போன முதல் நாள் வாசித்துக் காட்டினேன். அவள் என் கையையே பார்த்தாள். பிறகு, "வலது கையை எங்க வச்சிருக்கீங்கம்மா?" என்றாள். வெளியேதான் வைத்திருந்தேன், பூசணிக்காயைத் தூக்குகிற மாதிரி. ஹார்னுடைய விரிந்த வாய்க்குள் வலது கையை விட வேண்டுமாம். அத்தனை நாளும் எனக்குத் தெரியாது. அவள் என் கையைப் பிடித்து, விரல்களைச் சேர்த்து உள்ளே வைத்து, "இப்ப ஊதுங்க" என்றாள். ஊதினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் பேசினார்.

அதற்குத்தான் ஃபீஸ். நானாகக் கண்டுபிடிக்கவே முடியாத ஒன்றை என் கையைப் பிடித்துக் காட்டினாளே, அதற்கு. செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. கேபிளை நிறுத்தினோம். அப்பாவுக்கு எப்படியும் செய்தியில் கோபம்தான் வந்துகொண்டிருந்தது. எல்லாம் என் பென்ஷனில்தான். என் மூட்டு ஆபரேஷனுக்கு நீ அனுப்பிய பணத்தில் கை வைத்தேன் என்று நினைத்தாயோ என்னவோ, அது பேங்கில் வைத்தபடியே இருக்கிறது.

இனி நீ குற்றப்பத்திரிகை வாசித்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஃபீஸ் கொடுத்தேன், உண்மை. டீச்சர் அப்போதே சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுப்பில் பாத்திரம் கருகியது, உண்மை. சின்னவள் உனக்குச் சொல்லியிருப்பாள். வேலை முடிந்து வரும் வழியில் எங்களை எட்டிப் பார்க்கிறாளா, உனக்கு உளவு பார்க்கிறாளா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. நான் மறக்கிறேன், பெரியவனே. இல்லை என்று உன்னிடம் சண்டை போடப் போவதில்லை. மறக்கிறவளுக்குப் பாடம் அதிகமாக வேண்டுமா, குறைவாக வேண்டுமா, நீயே சொல்.

நீ டீச்சருக்கு எழுதிய பிறகு நடந்ததையும் கேள். வழக்கம்போல் மூன்று மாடி ஏறிப் போனேன். டீச்சர் வீட்டு நடையில் குழந்தையின் சைக்கிள், சத்தம் வெளியே போகாமல் இருக்கக் கதவில் தொங்கவிட்ட கம்பளி, எல்லாம் அப்படியே இருந்தன. ஜன்னலோரம் எப்போதும் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருப்பாள். அன்று போடவில்லை. காபி கொடுத்தாள். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கலாமேம்மா" என்றாள். எனக்கா உனக்கா என்று கேட்டேன். மழுப்பினாள். நான் விடவில்லை. கடைசியில் நீ அனுப்பியதைப் போனில் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். நான் படித்து முடிக்கிறவரை குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

நீ நல்ல தமிழில், மரியாதையாக எழுதியிருந்தாய். அதுதான் ரொம்பச் சுட்டது.

அதற்கு அடுத்த வாரம் ஊர் பேண்டில் எனக்குச் சோதனை வாசிப்பு இருந்தது. நாலாவது ஹார்ன் நாற்காலி காலியாக இருக்கிறது. அதற்காகத்தான் அத்தனை நாள் உழைத்தேன். உனக்குச் சொல்லவில்லை, கிடைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். நாலாவது ஹார்னுக்கு ஊதுகிற வேலையைவிடச் சும்மா இருக்கிற வேலைதான் அதிகம். மற்றவர்கள் வாசிக்கும்போது எத்தனை தாளம் சும்மா இருக்க வேண்டும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்து, சரியான இடத்தில் நுழைய வேண்டும். மனதுக்குள் எண்ணினால் எனக்கு விட்டுப்போகிறது. அதனால் நானும் டீச்சரும் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஹார்னுக்குள் இருக்கிற வலது கையின் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவது. வெளியே யாருக்கும் தெரியாது. "உங்க கால்குலேட்டரை உள்ளேயே ஒளிச்சு வச்சுட்டீங்க" என்று சிரிப்பாள். ஒரு தடவைகூட அது என்னைக் கைவிட்டதில்லை.

போனேன். தனியாகத்தான் போனேன். பேண்ட் மாஸ்டர் பகலில் பூட்டுக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். மற்ற மூன்று ஹார்ன்காரர்களும் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். ஆரம்பித்தார்கள். நான் எண்ணினேன். சுண்டுவிரலின் கடைசிக் கணுவுக்கு வந்தால் நான் நுழைய வேண்டும். வந்தது. மூச்சை இழுத்தேன். அந்த நேரம் பார்த்து, "ஞாபகம் முன்போல் இல்லை" என்று நீ எழுதிய வரி வந்து நின்றது. ஒரு சுற்று விட்டுப்போயிருக்குமோ, முந்திக்கொண்டு ஊதி எல்லார் முன்னாலும் மானம் போகுமோ என்று தோன்றியது. ஊதவில்லை. பாட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது.

முடிந்ததும் பேண்ட் மாஸ்டர் பக்கத்தில் வந்து மெதுவாக, "கரெக்டான இடத்துல மூச்சு இழுத்தீங்களேம்மா, அப்புறம் ஏன் ஊதலை?" என்று கேட்டார்.

விரல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் நம்பவில்லை. இத்தனை வயது வரை என்னை நானே சந்தேகப்பட்டதில்லை, பெரியவனே. தப்பு செய்திருக்கிறேன், ஆனால் சந்தேகப்பட்டுச் செய்ததில்லை. அந்த ஒரு இடத்தில் ஊதித் தொலைத்திருக்கலாம். தப்பாக வந்திருந்தால் தப்பாக வந்திருக்கும், குடியா முழுகிவிடும்? பஸ்ஸில் ஹார்னை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது அதையேதான் நினைத்தேன். இப்போதும் அதையேதான் நினைக்கிறேன். வீட்டில் அப்பா காது மெஷினை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். காபிக்கு அடுப்பைப் பற்ற வைத்தார்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று சின்னவள் உனக்காக வாதாடுகிறாள். "தூரத்துல இருந்து பயப்படுறாம்மா, அவனால வேற என்ன செய்ய முடியும்?" என்கிறாள். இருக்கலாம். பயந்தவன் அதை என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

சரி. இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம்.

முதல் வேலை உன்னுடையது. டீச்சருக்கு மறுபடி எழுது. அம்மாவைக் கேட்காமல் எழுதியது தப்பு என்று எழுது. சுற்றி வளைக்காதே. நீ அனுப்பிய பணத்தை அவள் தொடாமல் வைத்திருக்கிறாள். தனியாகக் குழந்தையை வளர்க்கிறவள், அவளுக்கும் கஷ்டம் இருக்கிறது. ஆனாலும் திருப்பி அனுப்புவாள். மறு பேச்சுப் பேசாமல் வாங்கிக்கொள். என் பாடத்துக்கு நான்தான் கட்டுவேன்.

ஃபீஸை இனிமேல் அப்பா தன் கையால் கொடுப்பார், நான் பக்கத்தில் நிற்பேன். இதற்கு நானே ஒப்புக்கொண்டேன், யார் சொல்லியும் இல்லை.

சின்னவள் பாட நாளில் வந்து ஹார்னை மூன்று மாடி தூக்கிக் கொடுக்க வேண்டும். அவள் உனக்குச் செய்தி அனுப்புவதாக இருந்தால், அனுப்பும் முன் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் நான் திருத்தித் தருகிறேன்.

பேண்ட் மாஸ்டர் செய்ய வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். மாதக் கடைசி வரை அந்த நாற்காலியை யாருக்கும் கொடுக்க மாட்டார். ஆகவே நீ எழுதுவதை ஆறப்போடாதே.

டாக்டரிடம் போக வேண்டியது நான். போகிறேன். ஞாபகத்துக்கு என்னென்ன சோதனை உண்டோ எல்லாம் எடுக்கச் சொல்கிறேன். நீ டாக்டருக்கு எழுதக் கூடாது, போன் செய்யக் கூடாது. வருகிற முடிவை நானே உனக்குச் சொல்வேன். நல்லதாக இருந்தால் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்வேன். அப்படி இல்லாவிட்டால் முதலில் உன்னிடம்தான் சொல்வேன்.

இன்னும் ஒன்று, அதுவும் நீ செய்ய வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, பேச்சோடு பேச்சாக, "இன்னிக்கு என்ன கிழமைம்மா?" என்று கேட்கிறாயே, அதை நிறுத்து. எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? அதற்குப் பதிலாக, "என்னம்மா வாசிச்ச?" என்று கேள்.

மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. நன்றாக இரு.

உன் அம்மா