பால்தன் வீட்டில் டீ இல்லை

அன்பு மகள் அரியூனாவுக்கு அப்பா எழுதுவது. குளிர்காலத்தை நானும் அம்மாவும் ஆடுகளும் ஒருவழியாகத் தாண்டிவிட்டோம், இதில் இளைக்காதவன் நான் மட்டும்தான். அவ்வளவு தூரத்துப் பூசான் நகரத்தில் நீயும் என்னைப் போல இளைக்காமல் இருக்க வேண்டும்.

அம்மாவின் நர்ஸ் வேலைக்கு இன்னும் நான்தான் ஜீப் ஓட்டுகிறேன். அவள் கூடாரத்துக்குள் பெண்களிடம் தனியாகப் பேச வேண்டுமென்றால், வீட்டுக்காரனை வெளியே இழுத்துப்போய் மரியாதைக்கு மூக்குப்பொடி டப்பாவை மாற்றிக்கொண்டு குதிரைக் கதை பேசுவது என் பொறுப்பு. இத்தனை வருடமாக வாயை மூடச் சொன்னவள் இப்போது, "நான் கூப்பிடுற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்கிறாள். போன மாதம் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனோம், தாயின் கை வீங்கித் தொங்கியது. பெயரை எழுத மாட்டேன், எழுதினால் அம்மா என்னை ஊசியால் குத்துவாள். குதிரை தள்ளிவிட்டது என்றான் புருஷன். உள்ளே அவள், "என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்கக்கா" என்றாளாம். கட்டுப் போட வேண்டும் என்று சொல்லி அம்மா தாயையும் பிள்ளையையும் ஜீப்பில் ஏற்றினாள். எல்லாம் சரியாக நடந்தது, என் வாயைத் தவிர. கிளம்பும்போது பழக்க தோஷத்தில் அவனிடம், "ஊருக்குள்ள வந்தா நம்ம வீட்டுல டீ குடிக்காமப் போகக் கூடாது தம்பி" என்று சொல்லித் தொலைத்தேன். அம்மா பார்த்த பார்வையில் என்ஜினே சூடாகிவிட்டது.

மாகாணத் தலைநகரில் உள்ள பெண்கள் காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடு, ஆனால் பனியில் மலைப்பாதை அடைபட்டதால் அவள் நம் வீட்டில் தங்கினாள். மறுநாள் மதியம் மோட்டார் சைக்கிள் சத்தம், "நாயைப் பிடிங்க!" என்று விருந்தாளிகள் எல்லாரும் கொடுக்கும் அதே குரல். நான் அழைத்த விருந்தாளி வந்துவிட்டான். அவள் முகம் வெளுத்தது. அம்மா அவளை அடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டுக் காவலருக்குப் போன் செய்தாள். நான் போய்க் கதவைத் திறந்து நிலைப்படி மேலேயே ஏறி நின்றேன். ஆமாம், மிதித்தால் வீட்டுக்கு ஆகாது என்று உன்னைத் திட்டுவேனே, அதே நிலைப்படி. அவனுக்குக் கோபத்தைவிட அதிர்ச்சிதான் அதிகம். "என்ன பெரியவரே, நிலைப்படிய மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றான். "இன்னைக்கு டீ இல்ல தம்பி" என்றேன். "டீ கெடக்கட்டும், எம் பொண்டாட்டி எங்க?" என்றான். "அது நர்ஸம்மா விஷயம், நான் வெறும் டிரைவரு" என்றேன். ஒரு தள்ளு தள்ளியிருந்தால் நான் அடுப்பில் போய் விழுந்திருப்பேன். ஆனால் நிலைப்படியில் நிற்பவனைத் தள்ள அவனுக்கும் கை வரவில்லை, காவலர் வந்து கூட்டிப்போகும்வரை வெளியிலேயே நின்று கத்தினான். வாசலுக்கு வந்தவனுக்கே பால்தன் வீட்டில் டீ இல்லையாம் என்று இப்போது ஊரே சிரிக்கிறது, சிரிக்கட்டும்.

பாதை திறந்ததும் அவளையும் பிள்ளையையும் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தோம். அவள் திரும்பிப் போனாலும் போவாள், பலர் போகிறார்கள் என்கிறாள் அம்மா. போனால் அடுத்த தடுப்பூசிக்கு நாங்களும் போவோம், நான்தான் புதுக்கதை தேட வேண்டும். அன்று அம்மா காலணியைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள், நான்தான் கழற்றினேன். ஊரில் எல்லாரிடமும் எங்கே வலிக்கிறது என்று கேட்பவள், நான் கேட்டால் போய் ஆட்டைப் பாருங்கள் என்கிறாள். நீ கேட்டால் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்னிடம் பேச வேண்டாம், நேராக அவளைக் கூப்பிட்டுக் கேள். அவள் அழுதால் அழ விடு.

தூரம் போனவர்களின் வழி நன்றாக இருக்கத் தெளிக்கும் பாலை, காலையில் முதலில் உன் திசைக்குத்தான் தெளிக்கிறேன். நீ நடக்கும் வழியெல்லாம் அந்தப் பாலைப் போல வெண்மையாக இருக்கட்டும்.

உன் அப்பா,
பால்தன்