வேறொருவர் பதில் சொன்னார்

விடுதி, விழுப்புரம்
18-1-2026, ஞாயிறு

கருத்துக்கணிப்புக் கம்பெனியின் மாண்புமிகு சூப்பர்வைசர், திண்டிவனம் தந்த தங்கம், என் அப்பா மரியஅந்தோணி அவர்களுக்கு,

மகள் ஆஷ்லின் எழுதுவது. இங்க நான் நலம். கொசு என்னைவிட நலம்.

போன்ல பேசலாம்தான். வாரத்துக்கு அஞ்சு நிமிஷம் தர்றாங்க. அதுல பாதி "அலோ, கேக்குதா?"லயே போயிடுது. மீதியை அம்மா "சாப்ட்டியா?"ன்னு கேட்டே முடிச்சிடுது. அதான் கடுதாசி. சிஸ்டர் அமல்ராணி படிச்சிட்டுத்தான் ஒட்டுவாங்க. (சிஸ்டர், வணக்கம். எழுத்துப்பிழை இருந்தா திருத்திடுங்க.)

உன் தொழிலை நானும் ஆரம்பிச்சிட்டேன்ப்பா. சாப்பாட்டு ரூம் போர்டுல ஒரு தாள் ஒட்டினேன்: "கருத்துக்கணிப்பு முடிவு! பூரி அமோக வெற்றி. உப்புமா டெபாசிட் காலி. சாம்பார் கட்சி மாறி ரசத்தோட கூட்டணி." எல்லாரும் சிரிச்சாங்க. சிஸ்டர் மட்டும் என் கையில வெளக்கமாத்தைக் குடுத்தாங்க. கோயில் முழுக்கப் பெருக்கினேன். கருத்து சொன்னா கழுத்து வலிக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சிக்கினேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அம்மாவோட ஷூ கம்பெனி வேலை என்னாச்சு? தைக்கச் சொல்லிப் பாத்து, கை நல்லா வருதுன்னு அவங்களே சொன்னாங்க. பிப்ரவரி ரெண்டாந்தேதி திங்கக்கிழமை சேரணும், வரலைன்னா வேற ஆளுன்னாங்க. நீ பொங்கலன்னைக்குக் கரும்பைக் கடிச்சிக்கினே "அதெல்லாம் வேணாம்"ன்ன. துப்பிட்டாவது சொல்லியிருக்கலாம். அம்மா உன் கரும்புச் சக்கையைப் பெருக்கிச்சு. அதுலேர்ந்து எனக்கு இங்க உக்காரவே முடியலைப்பா. கணக்கு நோட்டைத் திறந்தா அந்தச் சக்கைதான் தெரியுது.

ஜல்தியா பதில் போடு.

வாலு வளர்ந்துகொண்டிருக்கும் மகள்,
ஆஷ்லின்


திண்டிவனம்
22-1-2026

சேசு மரி சூசை

அன்புள்ள ஆஷ்லின் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கினது.

கடுதாசி வந்துச்சு. சிஸ்டர் நிஜமாவே சிவப்பு மையில பிழை திருத்தி அனுப்பியிருக்காங்க. உனக்கு இது தேவையா?

இங்க ஒரே பேஜாரு. எலெக்ஷன் வருதுன்னு ஆளாளுக்குக் கணிப்பு கேக்கறாங்க, நாங்க தெருத் தெருவா நாய்க்குப் பயந்துக்கினு சுத்தறோம். இந்த வாரம் பெருமுக்கல் பக்கம். ஆம்பளைங்க பாதி, பொம்பளைங்க பாதி கேக்கணும்னு கம்பெனி உத்தரவு. ஆனா வீட்டம்மாவைக் கேட்டா வீட்டுக்காரரு பதில் சொல்றாரு. விருத்தாசலம்னு ஒருத்தரு, வாசல்ல வேருலேர்ந்து ஆஞ்ச மல்லாட்டை காயவெச்சிக்கினு இருந்தாரு. "அம்மா, நீங்க யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?"ன்னு நம்ம பையன் கேட்டா, "அவளுக்கு என்னா தெரியும், நான் சொல்றேன் போட்டுக்கோ"ங்கிறாரு.

பேசறது எல்லாம் டேப்லட்ல பதிவாயிடும். சாயந்திரம் நான் ஹெட்போனை மாட்டிக்கினு ஒவ்வொண்ணா கேப்பேன். இப்படி இருந்தா அதுல ஒரு பட்டன் இருக்குது, "வேறொருவர் பதில் சொன்னார்"னு. அதைத் தட்டித் தள்ளிடுவேன். மறுபடியும் வேற ஆளு போயி அந்தம்மாவைத் தனியா கேக்கணும். இந்தக் காலத்துலயும் இப்படி ஆம்பளைங்க இருக்காங்க பாப்பா. கேக்கற எனக்கே கூச்சமா இருக்குது.

அம்மா வேலை விஷயம். உங்கம்மாவுக்கு அதுல இஷ்டம் இல்லை. காலையில அஞ்சரைக்கு வேனு வந்து நிக்கும், யாரு சோறாக்கறது? அதெல்லாம் யோசிச்சுத்தான் சொல்றேன். நீ படிப்பைப் பாரு. உப்புமாவைத் தின்னு.

அப்பா,
மரியஅந்தோணி


விடுதி, விழுப்புரம்
25-1-2026, ஞாயிறு

அன்பு அப்பா,

அம்மாவுக்கு இஷ்டம் இல்லைன்னு நீயே சொல்லிட்டா சரிப்பா. நான் இனிமே வாயைத் திறக்கமாட்டேன். உப்புமாவுக்கு மட்டும் திறப்பேன்.

விருத்தாசலத்தை நெனைச்சு நெனைச்சு சிரிச்சேன். தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத மனுஷன் நீ, உனக்குப் போயி நாள் முழுக்கக் கையில டேப்லட்!

இன்னைக்கு வீட்லேர்ந்து பாக்க வர்ற ஞாயிறு. அருணா அக்கா இங்க படிக்கிற அவங்க தங்கச்சியைப் பாக்க வந்தாங்க. முறுக்கு குடுத்தாங்க. உன் டீம்ல புதுசா சேந்திருக்காங்களாமே? புதன்கிழமை நம்ம தெரு அவங்களுக்குத்தான் விழுந்திருக்காம். புதன் சாயந்திரம் நீ வீட்லதானே இருப்ப? சும்மாதான் கேட்டேன்.

ரொம்ப ரொம்ப நல்ல பொண்ணு,
ஆஷ்லின்


விடுதி, விழுப்புரம்
31-1-2026, சனி

அப்பா,

ஏன்ப்பா ஒண்ணுமே எழுதலை? தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டா ஓடறேன். வேற யாருக்கோ வருது. இங்க வெளியே மைக் செட்டு கட்டிக்கினு மூணு கட்சி வண்டி மாத்தி மாத்திக் கத்துது, எனக்கு அது ஒண்ணும் காதுல ஏறலை. நேத்து வேதியியல் பரிட்சையில என் பேருக்குப் பதிலா அம்மா பேரை எழுதிட்டேன். ஜெயம்னு. டீச்சர், "ஜெயம் யாரும்மா, பாஸாயிட்டாங்க"ன்னாங்க.

அருணா அக்காவைத் திட்டாதேப்பா. நான்தான் அவங்களை நம்ம வீட்டுக்குப் போகச் சொன்னேன், அதுவும் நீ இருக்கிற நேரமாப் பாத்து. அம்மாகிட்டதான் கேக்கணும்னும் சொன்னேன். நீ எப்படியும் குறுக்கப் பூந்துடுவன்னு தெரியும். மறுநாள் ஹெட்போன்ல உன் குரலை நீயே கேட்டா செம தமாஷா இருக்கும்னு நெனைச்சேன். இப்ப எனக்குத் தமாஷா தெரியலை. அக்காவோட வேலை போயிடுமா? உனக்கு ஏதாச்சும் கெட்ட பேரா? ஒரு வரி போடுப்பா. திட்டியாவது போடு.

நாளை மறுநாள் திங்கக்கிழமை. அதை மட்டும் ஞாபகப்படுத்தறேன்.

வாலைச் சுருட்டிக்கொண்ட,
ஆஷ்லின்


திண்டிவனம்
2-2-2026, திங்கள்

சேசு மரி சூசை

ஆஷ்லின் பாப்பாவுக்கு,

இந்நேரம் நீ ஒரு கடுதாசி போட்டிருப்ப, அது இன்னும் கைக்கு வரலை. அதுல என்னா இருக்கும்னு எனக்குத் தெரியும். அருணா எல்லாத்தையும் சொல்லிட்டா. அவ வேலைக்கு ஒண்ணும் இல்லை, பயப்படாதே. உனக்கு மட்டும் இங்கயும் ஒரு வெளக்கமாறு இருக்குது, லீவுல வா, பேசிக்கிறேன்.

புதன்கிழமை அவ வந்தா. லுங்கியோட உக்காந்திருந்தேன். "வாம்மா, நம்ம வீடுதானே"ன்னு உக்கார வெச்சேன். அவ உங்கம்மாவைத்தான் கேட்டா. நான் புதுப் பொண்ணுக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு பதில் சொன்னேன். கடைசியா, "உங்களுக்கு இப்ப முக்கியமா என்னா தேவை?"ன்னு ஒரு கேள்வி. "தண்ணி, ரோடு, போட்டுக்கோ"ன்னேன்.

மறுநாள் ஆபீஸ்ல ஹெட்போன்ல கேக்கறேன். யாரோ ஒருத்தன் பேசறான். எந்த ஊரு விருத்தாசலம் இவன்னு சிரிச்சேன். "ஜெயம், காபி போடு"ன்னான் பாரு, அப்பத்தான் தெரிஞ்சுச்சு.

அதுகூடப் பரவாயில்லை பாப்பா. அந்தக் கடைசிக் கேள்விக்கு உங்கம்மா "எனக்கு..."ன்னு ஆரம்பிக்குது. நான் தண்ணிங்கறேன். "இல்ல, எனக்கு..."ங்குது. நான் ரோடுங்கறேன். அப்புறம் டம்ளர் வைக்கிற சத்தம் மட்டும். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அன்னைக்கு எனக்கு அது கேக்கவே இல்லை. திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

"சூப்பர்வைசர் சொந்த வீடு"ன்னு ஒரு பட்டன் இருக்குது. அதைத் தட்டினா முடிஞ்சுது, யாரும் மறுபடி வரமாட்டாங்க. விரலு அதுக்குத்தான் போச்சு. எடுத்துட்டேன். விருத்தாசலத்துக்குத் தட்டினேன்ல, அந்த இன்னொண்ணைத் தட்டினேன்.

சனிக்கிழமை மலர்விழின்னு வேற பொண்ணு வந்துச்சு. வீட்டம்மாவைத் தனியா கேக்கணும், நீங்க வெளிய இருங்க சார்னுச்சு. என் சட்டத்தை எனக்கே சொல்லுது. தெருமுனையில நின்னேன். நிக்க முடியலை. நடந்தேன், டீ குடிச்சேன், எப்பவும் குலைக்கிற அந்தக் கருப்பு நாயிகூட என்னைப் பாத்து ஒதுங்கிப் போச்சு. ஓட்டு எண்றப்ப வேட்பாளரு வெளிய நிக்கறாங்களே, அந்தப் பாடு.

அந்தப் பதிவு என்கிட்டதான் வந்துச்சு. நான் கேக்கலை. கூட வேலை பாக்கற தேவாகிட்ட குடுத்து நீ பாருன்னுட்டேன். ராத்திரி சாப்பிட்டதும் நானே கேட்டேன்: "ஜெயம், உனக்கு அந்த வேலைக்குப் போவணும்னு இருக்குதா?" உங்கம்மா மீன் சட்டியைத் தேச்சிக்கினே இருந்துச்சு. ரொம்ப நேரம் தேச்சுது. அப்புறம், "வேனு அஞ்சரைக்கு. உங்க போன்ல அலாரம் வெச்சிடுங்க"ன்னுச்சு.

இன்னைக்குக் காலையில முனை வரைக்கும் நானும் போனேன். டிபன் டப்பாவை நான்தான் தூக்கிக்கினு போனேன், அதுல இருந்தது உங்கம்மா ஆக்கினது. எனக்கும் சேத்து மூடி வெச்சிட்டுத்தான் போயிருக்குது. நாளைக்கு நான் ஆக்கறேன்னு வாய் விட்டுட்டேன். ஒரு டம்ளர் அரிசிக்குத் தண்ணி எவ்ளோ ஊத்தணும்? சீக்கிரம் எழுது. அதுவரைக்கும் கஞ்சிதான்.

வேனு வந்து நின்னப்ப, எல்லாரையும் கேக்கற பழக்கமாச்சே, "ஆமா, நீ யாருக்கு ஓட்டுன்னு சொன்ன?"ன்னு கேட்டுட்டேன்.

உங்கம்மா படியில காலை வெச்சிக்கினு திரும்பிப் பாத்துச்சு. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்"னுச்சு. உள்ள ஏறி ஜன்னல் ஓரமா உக்காந்துச்சு.

உன் அப்பா,
மரியஅந்தோணி